அருஞ்சொற்பொருளும் ஆள்வோர் பொருளும்

ஆங்கிலத்தில் வழக்கொழிந்துபோன சொற்களையும் அருகி வழங்கும் சொற்களையும் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியிற் பொருள் எழுதி, அப்பட்டியலை நெட்டுருப் பண்ணுவதே மொழிப் புலமை என மாணவரை நம்பவைக்கும் பழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. எழுதுவினைஞர் உத்தியோக மோகத்தோடு வளர்ந்த இப்பழக்கம், அம்மோகத்தை ஊட்டிய கொலனி ஆட்சி 1948இல் விடைபெற்ற பின்னரும் விடைபெறவில்லை. எளிய சொல்லொன்று கைவசம் இருக்க, அதனை விடுத்து, நூற்றாண்டுகளுக்கு முன் இறந்த சொல்லொன்றைத் தோண்டியெடுத்து வாக்கியத்தின் நடுவே நிறுத்திவிட்டால் கேட்பவர் வாயடைத்துப் போவார். பேசியவர் படித்தவர் ஆகிவிடுவார். சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்குக் ‘கடுவ’ என்று பெயர் சூட்டினார்கள். வாள் என்பது அதன் பொருள். அருஞ்சொற் பட்டியல் அந்த வாளுக்கு இடப்படும் பொற்பிடி எனலாம்.

இப்பழக்கம் கண்டிக்கத்தக்கது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. எப்படிக் கண்டிப்பது என்பதிலேதான் நண்பர்கள் சிலரோடு நாம் முரண்பட வேண்டியிருக்கிறது. ‘இவை செத்த சொற்கள், பிரபுக்களின் சொற்கள், உழைப்பாளர் பிள்ளைகளுக்கு இவை எதற்கு? குப்பையிற் போடுங்கள்’ என்கிறார்கள் அவர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது முற்போக்கான கருத்தாகவே தோன்றும். ஆனால் அது பண்டிதர்களின் பிடியில் இருக்கவேண்டாத ஒன்றை, அவர்களுக்கே நிரந்தரமாக எழுதிக்கொடுத்துவிடும் கருத்தாகும். இச்சொற்களிற் பல பிரபுக்களின் சொற்கள் அல்ல. உழுதவனும் விறகு பொறுக்கியவளும் பன்றி மேய்த்தவனும் தங்கள் உரிமைக்குப் பெயராக வைத்திருந்த சொற்கள் அவை. உரிமை பறிபோயிற்று, சொல் அநாதையாயிற்று. அநாதையான சொல்லை அகராதிக்காரர் எடுத்து, முதுகைத் தடவி, ‘பழைய காலத்து வழக்கு’ என்று பொருள் எழுதி அலமாரியில் வைத்தார்கள். அந்த ஒரு வரிப் பொருளிலே பறித்தவன் பெயரும் இல்லை. பறிகொடுத்தவன் பெயரும் இல்லை. நமது வழக்கு இந்த ஒரு வரிப் பொருளோடுதான்.

வழக்கொழிந்த எல்லாச் சொற்களுக்கும் இக்கூற்றுப் பொருந்தும் என நாம் வாதிடவில்லை. போர்வீரனின் இரும்புக் கவசத்தில் முழங்காலுக்கு ஒரு பெயர், முன்கைக்கு ஒரு பெயர், கழுத்துக்கு ஒரு பெயர் இருந்தது. துப்பாக்கி வந்தது, கவசம் போயிற்று, பெயர்களும் போயின. அதனால் எவருக்கும் நட்டமில்லை. பட்டியல் விரும்பிகள் அவற்றை வைத்து விளையாடிக் கொள்ளட்டும்.

‘வில்லன்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழ்த் திரைப்படம் பார்க்கும் எந்தச் சிறுவனுக்கும் இச்சொல் தெரியும். மீசை முறுக்கியவன், பெண்ணைக் கடத்துபவன், இறுதிக் காட்சியில் அடிபடுபவன். இப்பெயருக்கு உரியவன் உண்மையில் யார்? இலத்தீனில் பண்ணை வீட்டைக் குறித்த ‘வில்லா’ என்ற சொல்லிலிருந்து வந்தது இது. பண்ணையைச் சார்ந்து வாழ்ந்த உழவனே வில்லன். நோர்மானியர் ஆண்ட இங்கிலாந்தில், நிலத்தோடு பிணைக்கப்பட்ட பண்ணையடிமைக்கு அதுவே சட்டப் பெயராயிற்று. வாரத்திற் சில நாள்கள் அவன் பிரபுவின் வயலிற் கூலியின்றி உழைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் தன் கதிர் உதிர்ந்து கிடந்தாலும் பிரபுவின் கதிரை முதலில் வெட்ட வேண்டும். பிரபுவின் ஆலையிலேயே தானியம் அரைக்க வேண்டும். அதற்கும் பங்கு கொடுக்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுக்கப் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். அப்பணத்துக்கு ‘மெர்ச்செட்’ என்று பெயர். அவன் செத்தால், தொழுவத்தில் உள்ள மாடுகளில் மிக நல்ல மாட்டைப் பிரபுவின் ஆள் வந்து ஓட்டிச் செல்வான். அதற்கு ‘ஹெரியட்’ என்று பெயர். வீட்டில் பிணம் கிடக்க, தொழுவத்தில் மாடு போயிற்று.

இன்றைய அருஞ்சொற் பட்டியலில் ‘ஹெரியட்’ என்பதற்கு என்ன பொருள் காண்கிறோம்? ‘குடியானவன் இறந்தபோது நிலவுடைமையாளருக்குச் செலுத்தப்பட்ட கொடை’ என்பது போன்ற ஒரு வரி. கொடையாம்! கொடுத்தவன் செத்துக் கிடக்கிறான். கொடையை யார் கொடுத்தது? 1381இல் இங்கிலாந்தின் உழவர்கள் வொட் டைலரின் தலைமையில் எழுந்து இலண்டனை நோக்கி நடந்தபோது, வழிநெடுகப் பண்ணை நீதிமன்றப் பதிவேடுகளைத் தேடித் தேடிக் கொளுத்தினார்கள். மேற்கண்ட சொற்களெல்லாம் அந்த ஏடுகளில்தான் எழுதப்பட்டிருந்தன. சொல்லுக்குப் பொருள் என்னவென்று அந்த எழுத்தறியாத உழவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எழுச்சி ஒடுக்கப்பட்டது. பண்ணையடிமை முறை காலப்போக்கில் தேய்ந்து வேறொரு குத்தகை முறையாக உருமாறியது. அதன் கடைசி எச்சங்கள் 1922இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1926இல்தான் நீங்கின.

ஆனால் உழவனுக்கு இட்ட பெயர் கயவனுக்குரிய பெயராக நிலைத்துவிட்டது. இது ஒரு சொல்லுக்கு நேர்ந்த தனி விபத்தன்று. ‘சேர்ல்’ என்பது பழைய ஆங்கிலத்தில் சாதாரண குடிமகனைக் குறித்தது. பின்னர் முரடனைக் குறித்தது. ‘நேவ்’ என்றால் முதலில் பையன், அடுத்து ஏவலாள், முடிவில் அயோக்கியன். ‘லியூட்’ என்றால் குருமார் அல்லாத, எழுத்தறியாத பொதுமக்களில் ஒருவர். இன்று அது காமவெறியைக் குறிக்கிறது. ‘வல்கர்’ என்பது பொதுமக்களுக்குரியது என்ற பொருளிலிருந்து அருவருப்பானது என்ற பொருளுக்கு இறங்கியது. மறுபுறம் திரும்பிப் பாருங்கள். ‘ஜென்டில்’, ‘நோபிள்’, ‘ஜெனரஸ்’ ஆகிய மூன்றும் உயர்குடிப் பிறப்பைக் குறித்த சொற்கள். அவை முறையே மென்மை, உயர்பண்பு, வள்ளன்மை என்று ஏறிக்கொண்டே போயின. உழைப்பவன் பெயர் வசைமொழியாகிறது. உண்பவன் பெயர் அறமாகிறது. இதைச் சொல்ல மார்க்சியவாதி ஒருவர் தேவையில்லை. பழமைப் பற்றுக்குப் பெயர்போன சீ. எஸ். லூயிஸ் என்ற அறிஞரே, 1960இல் வெளியிட்ட சொல்லாராய்ச்சி நூலில், சமூகப் படிநிலையைக் குறித்த சொற்கள் குணத்தைக் குறிக்கும் சொற்களாக மாறும் இப்போக்கை எடுத்துக்காட்டினார். அவர் அதனை மொழியின் இயல்பாகக் கண்டார். நாம் அதனை வர்க்கத்தின் இயல்பாகக் காண்கிறோம்.

நம்முடைய வீட்டிலும் இதே கதைதான். 1960களில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் பேச்சு வழக்கை இலக்கியத்திற் கையாண்டபோது, அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று பழித்தோர் இருந்தனர். ஒரு மக்கட் கூட்டத்தின் பேச்சு, அதைப் பேசுகிறவர்கள் யார் என்ற ஒரே காரணத்துக்காக இழிந்ததாயிற்று. ஆங்கிலப் பிரபுவும் தமிழ்ப் பண்டிதரும் ஒருவரையொருவர் கண்டதில்லை; ஆயினும் ஒரே அகராதியைப் பயன்படுத்தினார்கள்.

இனி, உரிமைகளுக்கு வருவோம். பட்டியல் விரும்பிகள் பெரிதும் நேசிக்கும் சில சொற்கள் உண்டு. ‘எஸ்டோவர்’, ‘டர்பரி’, ‘பானேஜ்’, ‘பிஸ்கரி’. ஒலிக்கும்போது ஏதோ இத்தாலியப் பலகாரங்களின் பெயர்கள் போல இருப்பதால், இவற்றைப் போட்டி வினாக்களில் வைத்து மகிழ்வார்கள். ‘எஸ்டோவர்’ என்பது, ஊரார் பொதுக்காட்டிலிருந்து தம் தேவைக்கு விறகும் மரமும் எடுக்கும் உரிமை. வீடு பழுதுபார்க்க, கலப்பை செய்ய, வேலி அடைக்க, அடுப்பெரிக்க என்று ஒவ்வொரு தேவைக்கும் எடுக்கத்தகும் மரத்துக்குத் தனித்தனிப் பெயர்கள்கூட இருந்தன. ‘டர்பரி’ என்பது, எரிப்பதற்குரிய கரிமண் புற்கட்டியை வெட்டியெடுக்கும் உரிமை. ‘பானேஜ்’ என்பது, இலையுதிர் காலத்தில் ஓக் மரக் கொட்டைகளை மேய்வதற்குப் பன்றிகளைக் காட்டில் விடும் உரிமை. இங்கிலாந்தின் தெற்கிலுள்ள ‘நியூ ஃபொரஸ்ட்’ என்னும் காட்டில் இவ்வழக்கம் இன்றும் உண்டு. அங்கே மேயும் குதிரைக் குட்டிகளுக்கு அக்கொட்டை நஞ்சாதலால் பன்றிகள் அதனைத் தின்று தீர்ப்பது எல்லோருக்கும் உதவி. ‘பிஸ்கரி’ என்பது, பிறருடைய நீர்நிலையில் மீன்பிடிக்கும் உரிமை.

இவை தயவால் கிடைத்தவை அல்ல. 1217இல் மூன்றாம் ஹென்றியின் பெயரால் வெளியான காட்டுரிமைப் பட்டயம், அரசனின் காடுகளிலே சுதந்திரக் குடிகளுக்கு இத்தகைய உரிமைகள் உண்டென்று ஏற்றது. 1215ஆம் ஆண்டின் பெரும் பட்டயத்தைப் பற்றி ஒவ்வொரு பாடநூலும் முழங்குகிறது. பிரபுக்கள் அரசனிடமிருந்து பெற்றதல்லவா அது. விறகையும் பன்றியையும் பற்றிய 1217ஆம் ஆண்டுப் பட்டயத்தை எத்தனை பாடநூல்கள் சொல்கின்றன? அது 1971 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்னரே அதன் உயிர் போய்விட்டது. 1604 முதல் 1914 வரையில் 5,200க்கு மேற்பட்ட தனிச் சட்டங்கள் மூலம், இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்திலொரு பங்கான சுமார் 68 இலட்சம் ஏக்கர் பொதுநிலமும் திறந்தவெளி வயலும் வேலியிடப்பட்டுத் தனியுடைமை ஆக்கப்பட்டன. சட்டம் இயற்றிய நாடாளுமன்றத்தில் இருந்தவர்கள் நிலப்பிரபுக்கள். நிலத்தைப் பெற்றவர்களும் அவர்களே. தலைமுறை தலைமுறையாகப் பசுவை மேய்த்த ஏழைக் கிழவியிடம் அதற்கான உறுதிப் பத்திரம் கேட்கப்பட்டது. அவளிடம் என்ன பத்திரம் இருக்கும்? பத்திரம் இருந்த சிற்றுடைமையாளனுக்கும் ஒரு துண்டு நிலம் கிடைத்தது; அதற்கு வேலியடைக்கும் செலவைத் தாங்காமல் பலர் அதை விற்றார்கள். பன்றியை விட இடமில்லாதவனுக்குப் பன்றி விடும் உரிமைக்கான சொல் எதற்கு? ‘பானேஜ்’ இப்படித்தான் அருஞ்சொல் ஆயிற்று.

இவ்வகையில் நம் மனத்தை மிகவும் தைக்கும் சொல் ‘கிளீன்’ என்பது. துப்புரவைக் குறிக்கும் சொல்லன்று. ஒலியில் அதற்கு நெருங்கிய வேறொரு சொல். அருவி வெட்டு முடிந்த வயலில் உதிர்ந்து கிடக்கும் கதிரைப் பொறுக்குவதே அதன் பொருள். நம் வயற்புறங்களில் ஏழைப் பெண்களும் பிள்ளைகளும் கதிர் பொறுக்குவதைக் கண்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். இங்கிலாந்தில் உழைப்பாளிக் குடும்பம் ஒன்றுக்கு இப்படிப் பொறுக்கிய தானியம் குளிர்காலத்துக்கு ரொட்டியாக இருந்தது. விவிலியத்திலே கதிர் பொறுக்க வந்த ரூத்தின் கதையைக் கோயிலிற் கேட்டு வளர்ந்தவர்கள், அது தங்கள் உரிமை என்றே நம்பியிருந்தார்கள். சஃபொக் மாவட்டத்தில் டிம்வேர்த் என்னும் ஊரில், மேரி ஹோட்டன் என்ற பெண் ஒரு பண்ணையாரின் வயலில் கதிர் பொறுக்கியது வழக்காயிற்று. 1788இல் நீதிபதிகள் பெரும்பான்மைத் தீர்ப்பாக, அப்படி ஓர் உரிமை இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இல்லை என்றனர். ஊர்வழக்கம் பல இடங்களில் அதன் பின்னும் நீடித்தது; ஆனால் அது இப்போது உரிமை அன்று, பிச்சை. இன்று அச்சொல் எங்கே வாழ்கிறது? ‘நூல்களிலிருந்து செய்திகளைத் திரட்டுதல்’ என்ற பொருளில், குளிரூட்டிய அறைகளில் எழுதப்படும் அறிக்கைகளில் வாழ்கிறது. கதிர் போயிற்று, கூனிய முதுகும் போயிற்று.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வீட்டு வழக்கு, நமக்கென்ன என்று கேட்போர் ‘வேஸ்ட்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வீணானது என்ற பொருளில் நாம் தமிழிலேயே நாள்தோறும் பேசும் சொல். ஆங்கிலப் பண்ணைச் சட்டத்தில், பண்ணை எல்லைக்குள் உழப்படாது கிடந்த நிலத்துக்கு இப்பெயர். அது வீணான நிலம் அன்று. மேற்சொன்ன விறகும் கரிமண்ணும் பன்றி மேய்ச்சலும் நடந்த நிலமே அது. உழப்படாத நிலம் பயனற்ற நிலம் என்ற பொருளை அச்சொல்லுக்கு அழுத்தமாக ஏற்றியவர்கள், அதற்கு வேலியிட விரும்பியவர்கள்.

அந்தச் சொல் கப்பலேறி இலங்கைக்கு வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாயும் தரிசாயும் குடியிருப்பற்றும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மறுதலை நிரூபிக்கப்படும் வரையில், முடிக்குரியது எனக் கொள்ளப்படும் என்றது. கண்டிப் பகுதிகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பயிரிடப்படும் சேனை நிலங்களுக்கு, அரசனின் சன்னசு போன்ற சான்றோ, வழக்கமான வரி செலுத்திய சான்றோ காட்ட வேண்டுமென்றது. கண்டிக் கிராமத்தவனுக்குக் காடு என்பது விறகு, மேய்ச்சல், சேனைப் பயிர், வீட்டு மரம். ஆங்கிலச் சட்டத்துக்கு அது ‘வேஸ்ட்’. இங்கிலாந்துக் கிழவியிடம் கேட்ட அதே பத்திரத்தை இங்கேயும் கேட்டார்கள். நிலம் கோப்பித் தோட்டங்களுக்கென மிகக் குறைந்த விலைக்குப் போயிற்று. வாங்கியவர்களுள் அரச அதிகாரிகளும் படை அதிகாரிகளும் பலர் இருந்தனர். 1897இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே ‘வேஸ்ட்’ என்ற சொல் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு சொல்லுக்கு எழுதப்பட்ட பொருள் ஒரு மலைநாட்டையே கைமாற்றியது.

அப்படிக் கைமாறிய மலைகளிலே காடு வெட்டவும் கோப்பி பறிக்கவும், பின்னர் தேயிலைக் கொழுந்து கிள்ளவும் தென்னிந்தியாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். நிலமிழந்த சிங்கள விவசாயிக்கு, ‘உன் நிலத்தை அந்தத் தொழிலாளி பறித்தான்’ என்று சொல்லிக் கொடுத்தவர்கள் பின்னாளில் அரசியல் நடத்தினார்கள். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தில் அந்த அரசியல் எங்கு போய் முடிந்தது என்பதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. பறித்தது யார் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், ‘வேஸ்ட்’ என்ற சொல்லின் பழைய பொருளை வகுப்பிலே கால் மணி நேரம் விளக்கினால், வரலாற்று ஆசிரியர் ஒரு தவணை முழுவதும் செய்யத் தயங்கும் வேலையை அவர் செய்து முடித்தவராவார்.

வணிகச் சொற்கள் சிலவற்றையும் தொட்டுச் செல்வோம். ‘போஸ்டோலர்’, ‘ரெக்ரேட்டர்’, ‘எங்ரோசர்’ என்ற மூவர் ஒரு காலத்தில் இங்கிலாந்தில் குற்றவாளிகள். சந்தைக்கு வரும் பண்டத்தை வழியிலேயே மறித்து வாங்குபவன் முதலாமவன். சந்தையில் வாங்கி அதே சந்தையிலோ அயற்சந்தையிலோ கூடிய விலைக்கு விற்பவன் இரண்டாமவன். வயலில் நிற்கும் பயிரை மொத்தமாக வளைத்துப் பிடிப்பவன் மூன்றாமவன். 1552ஆம் ஆண்டுச் சட்டம் இம்மூவருக்கும் திட்டமான பொருள் எழுதித் தண்டனையும் விதித்தது. இங்கே ஒரு புதுமை: இது ஏழையின் வயிற்றை நினைத்து எழுதப்பட்ட சொற்பொருள். அறிவாளிகள் இதனை விரும்பவில்லை. 1776இல் அடம் ஸ்மித், இவர்களைப் பற்றிய மக்களின் அச்சம் சூனியக்காரிகளைப் பற்றிய அச்சத்துக்கு ஒப்பானது என்று நகையாடினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 1772இல், நாடாளுமன்றம் அச்சட்டத்தை நீக்கிவிட்டது. ஆயினும் பஞ்சம் வந்தபோது மக்கள் அச்சொற்களை மறக்கவில்லை. 1800இல் ரஸ்பி என்ற தானிய வியாபாரி, ஓட்ஸ் வாங்கி அதே நாளில், அதே சந்தையில் விலையேற்றி விற்றதற்காகப் பழைய பொதுச் சட்டத்தின் கீழ்க் குற்றவாளியாகக் காணப்பட்டார். பின்னர் நீதிபதிகள் கருத்து வேறுபட்டதால் தண்டனை நிறைவேறவில்லை. 1844இல் அந்தப் பொதுச் சட்டக் குற்றமும் ஒழிக்கப்பட்டது. குற்றம் ஒழிந்தது என்றால் செயல் ஒழிந்தது என்பதா? செயலுக்கு வாணிபத் திறமை என்று பெயர் வந்தது. குற்றத்தின் பெயர் அருஞ்சொல் ஆயிற்று. ‘எங்ரோஸ்’ என்பதற்கு இன்று அகராதியில் முதலிற் கிடைக்கும் பொருள், ஒருவரின் மனத்தை முழுவதும் கவர்தல். நாவலொன்றில் மூழ்கியவனைக் குறிக்க அதனைப் பயன்படுத்துகிறார்கள். 2022இல் அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நம் மக்களிடம், பதுக்கலைக் குறிக்க ஆங்கிலத்திலே மூன்று தனிச்சொற்கள் இருந்தன என்று சொன்னால், அவை இறந்ததற்கு அவர்கள் வருந்துவார்கள், வியக்கமாட்டார்கள்.

சொல்லுக்குப் பொருள் எழுதியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆங்கிலத்துக்கே பொருள் கூறும் முதல் தனி அகராதி எனக் கருதப்படுவது, 1604இல் ரொபர்ட் கோட்ரி வெளியிட்டது. ஏறத்தாழ 2,500 சொற்கள். அவர் பள்ளி ஆசிரியர். திருச்சபை அதிகாரத்தோடு முரண்பட்டுக் குருப்பதவியை இழந்தவர். இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு முதலியவற்றிலிருந்து புகுந்த கடுஞ்சொற்கள் கல்லாத பொதுமக்களையும், பள்ளி காணாத பெண்களையும் மிரட்டுவதைக் கண்டு, அவற்றின் மிரட்டலை நீக்க எளிய பொருள் எழுதினார். அவருடைய நூலின் முதல் பக்கமே அப்பயனாளிகளைக் குறிப்பிடுகிறது. அதாவது அருஞ்சொற்பொருள் என்ற கலை, அருஞ்சொல்லின் ஆட்சிக்கு எதிராகவே பிறந்தது! இருபது ஆண்டுகள் செல்வதற்குள் காற்றுத் திசை மாறிவிட்டது. 1623இல் ஹென்றி கொக்கரம் வெளியிட்ட அகராதியின் இரண்டாம் பகுதி, எளிய சொல்லைக் கொடுத்து அதற்கு ஈடான பகட்டுச் சொல்லைத் தந்தது. நம் ரியூட்டரிப் பட்டியல்களின் குலமுதல்வர் கோட்ரி அல்லர், கொக்கரமே.

சாமுவேல் ஜோன்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியைக் குறித்து நமக்குக் கலப்பான எண்ணமே உண்டு. ஏறத்தாழ 42,000 சொற்களுக்குச் சிலரை மட்டும் துணைக்கொண்டு பொருள் எழுதிய அவரது உழைப்பை எவரும் மறுக்க முடியாது. வறுமையில் உழன்றவர், காலங்கடந்து கைகொடுக்க வந்த பிரபுவை உதறித் தள்ளியவர். அரச உபகாரப் பணம் என்பதற்கு, நாட்டுக்குத் துரோகம் செய்யும் கூலியாளுக்குக் கொடுக்கும் சம்பளம் என்ற கருத்துப்படப் பொருள் எழுதினார். 1762இல் தாமே ஆண்டுக்கு 300 பவுண் உபகாரப் பணம் ஏற்றார். அதற்காகச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத இடம் அவருடைய முன்னுரையில் உள்ளது. உழைப்பாளிகளும் வணிகரும் பேசும் சொற்கள் நிலையற்றவை, பேணத் தகுதியற்றவை, அவை அழிந்தே போகட்டும் என்ற கருத்தை அவர் அங்கே வெளிப்படையாக எழுதிவைத்தார். வறுமையை அறிந்தவருக்கே வறியவரின் மொழி மொழியாகத் தெரியவில்லை. எங்கே தொடங்குகிறது சொற்களின் சாவு என்று தேடுவோருக்கு இவ்விடத்தை நாம் காட்டுவோம்.

பின் வந்த பெரும் ஒக்ஸ்போட் அகராதி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. 4 இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இறந்த சொல்லின் முன்னே அது குத்துவாள் வடிவான ஒரு குறியை இடும். அச்சுத் தொழிலாளர் வழக்கில் அதன் பெயரே குத்துவாள். யார் குத்தினார் என்பதை மட்டும் அந்தக் குறி சொல்வதில்லை.

இவர்கள் எல்லோரிலும் நமக்கு நெருங்கியவர், பெரும்பாலோர் பெயர் கேட்டிராத ஜோசப் ரைட். 1855இல் யோர்க்ஷயரில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தார். ஆறு வயதில் கல்லுடைக்கும் இடத்தில் கழுதை ஓட்டினார். அடுத்து நூல் ஆலையில் ‘டொஃபர்’ ஆனார். நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றி வெறுங் கட்டைகளை மாட்டும் சிறுவர்களுக்கு அப்பெயர். அருஞ்சொற் பட்டியல்களில் ‘டொஃப்’ என்பதற்கு, மரியாதையின் பொருட்டுத் தொப்பியைக் கழற்றுதல் என்று அழகாகப் பொருள் எழுதியிருக்கும். தொப்பி கழற்றும் கனவானைப் பட்டியலுக்குத் தெரியும். நூற்கட்டை கழற்றும் சிறுவனைத் தெரியாது. அச்சிறுவன் பதினைந்து வயதளவில்தான் எழுத்துக் கூட்டக் கற்றான். ஜெர்மனிக்குச் சென்று ஹைடல்பேர்க் பல்கலைக்கழகத்திற் படித்தான். 1901இல் ஒக்ஸ்போட்டில் ஒப்பியல் மொழிநூற் பேராசிரியர் ஆனான். 1898 முதல் 1905 வரையில் ஆறு தொகுதிகளாக அவர் பதிப்பித்த ஆங்கிலக் கிளைமொழி அகராதி, ஜோன்சன் அழியட்டும் என்று விட்ட அதே சொற்களின் களஞ்சியம். உழவர் சொல், நெசவாளர் சொல், சுரங்கத்தார் சொல். எந்த மாவட்டத்தில் வழங்குகிறது, எப்படி வழங்குகிறது என்ற சான்றோடு. அங்கே கிராமத்தான் சொல்லுக்கு ‘கொச்சை’ என்பது பொருளாக இல்லை. பொருளே பொருளாக இருக்கிறது.

நண்பர்கள் கேட்கக்கூடும்: ‘பரீட்சைக்கு இதெல்லாம் வருமா? பிள்ளைகள் சாதாரண ஆங்கில வாக்கியம் ஒன்றையே பிழையின்றி எழுதத் திணறுகையில், மெர்ச்செட்டும் பானேஜும் எதற்கு?’ நியாயமான கேள்வி. சாதாரண வாக்கியமே முதலிற் கற்பிக்கப்பட வேண்டும். அதில் இரண்டாவது பேச்சில்லை. ஏழைப் பிள்ளைக்கு ஆங்கிலம் வேண்டாம் என்போரின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதும் நாம் அறியாததன்று. நமது வேண்டுகோள் சிறியது. அருஞ்சொற் பட்டியல் என ஒன்றை எப்படியும் மாணவர் கையிற் கொடுக்கப்போகிறோம் என்றால், ஐம்பது சொற்களுக்கு ஐம்பது வரிகள் கொடுப்பதைவிட, ஐந்து சொற்களுக்கு ஐந்து கதைகள் கொடுக்கலாம். ‘இச்சொல்லை யார் பேசினார்? எதற்குப் பேசினார்? எப்போது பேசுவதை நிறுத்தினார்? அந்த நேரத்தில் நிலம் யார் கையில் இருந்தது?’ என்ற நான்கு கேள்விகளை மாணவரைக் கொண்டு கேட்பிக்கலாம். நொத்தாரிசு எழுதும் காணி உறுதியின் ஆங்கிலத்திலும் இந்தக் கேள்விகளுக்கு நிறைய வேலை உண்டு. 1640களில் இங்கிலாந்தின் சமன்மைக் கட்சியினர், பிரெஞ்சிலும் இலத்தீனிலும் நடந்த சட்டத்தைத் தாய்மொழிக்குக் கொண்டுவரக் கோரினார்கள். 1650இல் கிடைத்தது, 1660இல் அரசன் திரும்பியதும் பறிபோயிற்று, 1733இல்தான் நிலைத்தது. தனக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளிலே கையொப்பமிட்ட மனிதன் எங்கும் ஒருவனே.

இன்னொன்று. நம் மலையகத் தோட்டங்களில் வழங்கும் ‘பெரட்டு’, ‘கவ்வாத்து’, ‘துண்டு’ ஆகிய சொற்களைப் பாருங்கள். காலையில் ஆள்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களம், தேயிலைச் செடியை வெட்டிப் பதப்படுத்தும் கவ்வாத்து, தொழிலாளியின் கடனைப் பதிந்து அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கடனோடு கைமாற்றிய துண்டு. இவற்றில் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. அதனை நேரில் அறிந்த தலைமுறை மறைந்துவிட்டது. நமது ஆசிரியர்களும் மாணவர்களும் விடுமுறையில் ஒரு குறிப்பேட்டோடு லயங்களுக்கும் வாடிகளுக்கும் வயல்களுக்கும் போய், இச்சொற்களை அவற்றைப் பேசுவோரின் வாயாலேயே பொருள் கேட்டு எழுதிவருவார்களாயின், ‘கடனட்டை’ என்ற ஒரு வரியில் துண்டுக்குப் பொருள் எழுதிவிட்டுப் போகும் நிலை நேராது. அத்தகைய குறிப்புகளை வெளியிட இவ்விதழின் பக்கங்கள் காத்திருக்கின்றன. சொல், இடம், சொன்னவரின் தொழில், கேட்ட திகதி ஆகிய நான்கும் தெளிவாக இருத்தல் வேண்டும். சொன்னவரின் பெயர் அவர் விரும்பினால் மட்டும்.